படம் தெளிவாகத்தான் இருந்தது

தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. சிடி ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எடுத்திருக்கிறான். ஒரே ஃபிலிமில் 20 கட்டங்கள். கீழ் வரிசையில் இரண்டு கட்டங்களை அவன் கட்டைவிரல் மறைக்கிறது. ஃபிலிமுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியும் ஒரு வேப்பங்கிளையும் மங்கலாகத் தெரிகின்றன. நடு வரிசையில், படத்துக்கு வலப்பக்கம், அதாவது அம்மாவின் மூளைக்கு இடப்பக்கம், ஆழத்தில் சுண்ணாம்பை அப்பிவிட்டதுபோல் ஒரு வெள்ளை.

நான் கோயம்புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரேடியோகிராபர். 14 வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்தவர்கள் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அந்த வெள்ளை என்ன என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. தண்ணீருக்கு 0 என்று வைத்த அளவுகோலில் மூளை 30, 40 வரும். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50-க்கு மேல் போய் 70, 80 வரை தொடும். அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. ரத்தக்குழாயைத் தெளிவாகக் காட்டப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிகூட வேண்டாம், அது இல்லாத பிளைன் சிடி போதும். இதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தும் எனக்குத் தெரியவேண்டியது எதுவும் அதில் தெரியவில்லை.

எங்கள் வீடு பாம்பன் பக்கம். அம்மா தென்கடலில் பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று பாறையோடு ஒட்டிக் கிடப்பதை மூழ்கிப் பிடுங்கி எடுக்கவேண்டும். பாறையில் விரல் கிழியாமல் இருக்கப் பழைய சேலைத் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றிக்கொள்வார்கள். அன்று விடியற்காலை 5 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் துணி கையைவிட்டு நழுவியிருக்கிறது. குனிந்து எடுத்தார், மறுபடியும் நழுவியது. "ஏக்கா, வாய் ஏன் ஒரு பக்கமாப் போகுது?" என்று சின்னம்மா கேட்டதற்குப் பதில் சொல்லப் பார்த்தார். வார்த்தை குழறியது.

காத்துக் கருப்பு என்று ஒருவர், பித்தம் என்று ஒருவர். யாரோ தலையில் தைலம் தேய்த்தார்கள். யாரோ சோடா வாங்கிவந்து வாயில் ஊற்றப் போனார்கள். நல்லவேளை, தம்பி பெண்சாதி தட்டிவிட்டாள். விழுங்க முடியாத நிலையில் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். அவள் நர்ஸ் கிடையாது, பக்கத்துத் தெருவில் ஒருவர் அப்படித்தான் செத்துப்போனார் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான்.

108 வந்தது. பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். 1988-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை எங்கள் தீவிலிருந்து ரயிலைத் தவிர வேறு வழி கிடையாது. இப்படி விழுந்தவர்களை ரயில் வரும்வரை கயிற்றுக்கட்டிலில் போட்டு வைத்திருந்ததை அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அந்தக் கொடுமை இல்லை. 8.40-க்கு சிடி எடுத்துவிட்டார்கள். ஃபிலிமின் மூலையில் அந்த நேரம் இருந்தது.

முதல் வேலையை அந்தப் படம் பிசகில்லாமல் செய்தது. பக்கவாதம் வந்தவரை வெளியிலிருந்து பார்த்து, உள்ளே ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா வெடித்திருக்கிறதா என்று எப்பேர்ப்பட்ட டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவில் அதே ஊசியைப் போட்டால் உயிர் போகும். அந்த ஒரு கேள்விக்குச் சில நிமிடத்தில் பதில் சொல்ல பிளைன் சிடிக்கு நிகர் இல்லை.

அதற்கு அப்புறம்தான் ஓட்டை. ரிப்போர்ட்டில் நாலு வரி. இடப்பக்கம் கேங்லியோகேப்சுலர் பகுதியில், அதாவது மூளையின் ஆழத்தில், அக்யூட் ஹெமட்டோமா (புது ரத்தக்கட்டி), சுற்றிலும் வீக்கம், பிளீஸ் கோரிலேட் கிளினிக்கலி (நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்), கையெழுத்து. எத்தனை மில்லி என்று இல்லை. மூளையின் நடுக்கோடு (மிட்லைன்) தள்ளியிருக்கிறதா என்று இல்லை. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணி நேரம் கழித்து எடுத்த படம் என்று இல்லை. ரிப்போர்ட் தவறா என்றால் தவறு இல்லை. ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இதே மாதிரி ரிப்போர்ட்டை ஃபிலிமோடு கவரில் போட்டு நான் எத்தனை பேர் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மில்லி ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கசிவின் அளவைப் போட ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பெரிதாகத் தெரியும் கட்டத்தில் நீளம், அதற்குக் குறுக்கே அகலம், எத்தனை வெட்டுகளில் தெரிகிறதோ அதை வைத்து உயரம். மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய மில்லி கணக்கு வந்துவிடும். கால்குலேட்டர்கூட வேண்டாம். மூளைக்கசிவு வந்தவர் பிழைப்பாரா என்று கணிக்க 2001-ல் வந்த ஐசிஎச் ஸ்கோர் என்ற மதிப்பெண் 30 மில்லியை ஒரு கோடாக வைத்திருக்கிறது. அதற்கு மேலா கீழா என்பதில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. அதைவிட முக்கியம், கசிவு ஒரே இடத்தில் நிற்பதில்லை. முதல் சில மணி நேரத்தில், மூன்றில் ஒருவருக்குப் பக்கம், அது இன்னும் பெரிதாகிறது. பெரிதாகிறதா நின்றுவிட்டதா என்று தெரியவேண்டுமென்றால் முதல் படத்தின் அளவு கையில் இருக்கவேண்டும்.

பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் என்று ஆம்புலன்ஸ் மதுரைக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. நானும் கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். 1.50-க்கு அங்கே மறுபடியும் சிடி. மறுபடி எடுப்பதில் தப்பே இல்லை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "வெளியில எடுத்த ஃபிலிம் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது சார், கம்ப்யூட்டர் டிஸ்க் தட்டு இருந்தா கொடுங்க" என்றார்கள். தட்டு இல்லை. 50 ரூபாய் தட்டில் பதிந்து கொடுத்திருந்தால் இரண்டு படத்தையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். எந்த கம்பெனி மெஷினில் எடுத்தாலும் எங்கேயும் திறக்கும்படி டைகாம் என்ற பொது முறை 1993-லிருந்து இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் எங்கள் ஊர் நோயாளி ஃபிலிம் கவரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போகிறார்.

இரண்டாவது படத்தில் 21 மில்லி வந்தது. முதலில் எவ்வளவு? யாருக்கும் தெரியாது. தம்பி கட்டைவிரல் மறைத்த இரண்டு கட்டங்களையும் ஃபிலிமை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த அளவுக்கோட்டை ஸ்கேலால் அளந்து உத்தேசமாக 17, 18 என்று கணக்குப் போட்டேன். டூட்டியில் இருந்த டாக்டரம்மா பொறுமையாக அதைக் கேட்டு, பிரஷரை இன்னும் கவனமாக 140-க்குக் கொண்டுவரச் சொன்னார். ராமநாதபுரத்தில் பார்த்தபோது 210 இருந்தது. மகன் ரேடியோகிராபராக இல்லாத நோயாளிக்கு இதை யார் அளந்து சொல்வார்கள்?

அம்மாவுக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மூன்றாவது வாரம், மூன்று சிடி ஆகியிருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித்தேடிக் கேட்டார்: "இம்புட்டுப் படம் எடுத்தீங்களே, அதுனால எனக்கு என்னய்யா ஆச்சு?"

இதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. எங்கள் வேலையில் நல்ல படம் என்றால் அசைவு இல்லாத படம், சொரசொரவென்று புள்ளி தெறிக்காத படம், கதிர்வீச்சு குறைத்து எடுத்த படம். படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் திட்டாமல் வாங்கிக்கொண்டால் நல்ல படம். நோயாளி பக்கமிருந்து நல்ல படம் எது என்பதற்கு அளவு வேண்டும் என்றே தோன்றியதில்லை.

ஆனால் சிடி பிறந்ததே நோயாளியின் வேதனையைக் குறைத்துத்தான். அதற்கு முன்னால் மூளைக்குள் பார்க்க, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றி, அந்தக் காற்று மூளைப் பள்ளங்களுக்கு ஏறும்வரை ஆளைச் சாய்த்தும் திருப்பியும் எக்ஸ்ரே எடுப்பார்கள். 1919-ல் வால்டர் டாண்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கொண்டுவந்த முறை அது. நாள்கணக்கில் தலைவலியும் வாந்தியும் இருக்கும். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து இன்ஜினியர் உருவாக்கிய முதல் சிடி மெஷினில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் பக்கம் ஒரு பெண்ணின் தலையைப் படம் எடுத்தார்கள். 80-க்கு 80 புள்ளிதான், இன்றைக்கு ஒரு போன் ஐகான்கூட அதைவிடத் தெளிவு. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஊசி இல்லை, காற்று இல்லை, பேசாமல் படுத்திருந்தார். அறுவை செய்தபோது கட்டி படத்தில் கண்டபடியே இருந்தது. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் கொடுத்தார்கள். தண்ணீருக்கு 0 என்று நாங்கள் இன்று எண்களாகச் சொல்லும் அந்த அளவுகோலுக்கு அவர் பேர்தான்.

அம்மா கேட்ட கேள்வியை 1991-ல் ஃப்ரைபேக், தார்ன்பரி என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு ஏணியாகவே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறு படி. படம் தெளிவா என்பது முதல் படி. நோயைச் சரியாகக் காட்டுகிறதா என்பது இரண்டாவது. டாக்டர் நினைத்துக்கொண்டிருந்ததை மாற்றியதா, மூன்றாவது. கொடுத்த வைத்தியத்தை மாற்றியதா, நான்காவது. நோயாளி அதனால் நன்றாக இருக்கிறாரா, ஐந்தாவது. ஊருக்கு அந்தச் செலவு தகுமா, ஆறாவது. நான் 14 வருடமும் முதல் படியில் நின்றுகொண்டிருந்தேன், இரண்டாவது படி ரேடியாலஜிஸ்ட் வேலை என்று நினைத்தேன். அம்மா நேராக ஐந்தாவது படியிலிருந்து கேட்டார்.

அந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் அம்மாவின் முதல் சிடி நான்கு படி ஏறியது. அடைப்பு இல்லை கசிவு என்று காட்டியது, கரைக்கும் ஊசியைத் தடுத்தது, பிரஷரை இறக்க வைத்தது. இரண்டாவது சிடி, முதல் படத்தோடு ஒப்பிட முடியாததால், பாதி வேலைதான் செய்தது. மூன்றாவதை எதற்கு எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா அன்று எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதிர்வீச்சுக்குப் பயந்து சொல்லவில்லை. தலைக்கு ஒரு சிடி சுமார் 2 மில்லிசீவெர்ட், நாம் சும்மா இருந்தாலும் ஒரு வருடத்தில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வாங்கிக்கொள்வதற்குப் பக்கம்தான். கசிவுள்ள ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என் கவலை வேறு. ஸ்ட்ரெச்சரில் தள்ளி, லிஃப்டுக்குக் காத்து, தூக்கிப் போட்டு, தூக்கி எடுத்து, மறுபடி தள்ளி வந்ததற்கு, "இந்தப் படத்தில் இன்னது தெரிந்தால் இன்னது செய்வோம்" என்று ஒரு வரி யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

படத்தின் மேல் அதிக பாரம் ஏற்றுவதும் தப்பு. மதுரையில் முதல்நாள் சாயங்காலம், தம்பியிடம் ஒருவர் ஃபிலிமைப் பார்த்துவிட்டு, "பிளீட் உள்ளுக்குள்ள ஆழத்துல இருக்கு, பெரிசா எதிர்பார்க்காதீங்க, வீட்டுக்குக் கொண்டுபோறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மாவைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, கொண்டுபோயிருவமா, இங்க வச்சு ஏதாவது ஆச்சுன்னா பாலம் தாண்டிக் கொண்டுபோக முடியாதுல்ல" என்று அழுதான். ஊரில் இது ஒரு பெரிய பயம். உயிர் போனபிறகு கொண்டுபோவதைவிட உயிரோடு கொண்டுபோய்விடலாம் என்று எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்க ஸ்ட்ரோக் வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: ஏற்கெனவே அப்படி ஒரு விருப்பம் தெரிவித்திராத ஆளுக்கு, குறைந்தது இரண்டாவது முழு நாள்வரையாவது கைவிடும் முடிவை எடுக்கக் கூடாது. காரணம் எளிது. பிழைக்கமாட்டார் என்று வைத்தியத்தை நிறுத்தினால் அவர் பிழைக்கமாட்டார், அப்புறம் கணிப்பு சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். ஐசிஎச் ஸ்கோர்கூட படத்தை மட்டும் பார்த்துப் போடுவதல்ல. நினைவு எப்படி இருக்கிறது, வயசு 80-ஐத் தாண்டியதா என்பதெல்லாம் சேர்த்துத்தான். அதைக்கூடத் தனி ஒரு ஆளின் தலையெழுத்தாகப் படிக்கக் கூடாது.

அம்மாவுக்கு ஆபரேஷன் செய்யவில்லை. ஊரில் அதை ஒரு குறையாகவே இன்னும் பேசுகிறார்கள். ஆழத்தில் இருக்கும் கசிவைத் திறந்து எடுப்பதால் பொதுவாக லாபம் இல்லை என்பதை 27 நாடுகளில் 1033 பேரை வைத்து நடந்த ஸ்டிச் என்ற ஆய்வு 2005-ல் காட்டியது. அதைச் சின்னம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. டாக்டர் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இன்னொருவர் கதையையும் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் விசைப்படகு ஓட்டும் மாமா ஒருவர். காலையில் போய் மறுநாள் காலையில் கரைக்கு வருவார்கள். நடுராத்திரி வலை இழுக்கும்போது பின்மண்டையில் சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு வலி. அப்படியே படுத்துவிட்டார். கரைக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டார். மூன்றாவது நாள்தான் ஸ்கேனுக்குப் போனார். "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார்கள். நார்மல் என்ற சொல்லை நம்பி மறுபடி கடலுக்குப் போகக் கிளம்பியவரை மாமி மறித்து வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனார். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோ எடுத்து, ரத்தக்குழாயில் புடைத்துக் கசிந்திருந்த வீக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். மூளை உறைக்கு அடியில் பரவும் இந்தக் கசிவை வலி வந்து 6 மணி நேரத்துக்குள் நல்ல மெஷினில் எடுத்து அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் பார்த்தால் ஏறக்குறைய தப்பவே தப்பாது. 2011-ல் வந்த கனடா ஆய்வு அதைக் காட்டியது. நாள் ஆக ஆக ரத்தம் நீரில் கரைந்து மறைகிறது. ஒரு வாரத்தில் பாதிப் பேருக்குப் படத்தில் ஒன்றுமே தெரியாது. ரத்தசோகை கடுமையாக இருந்தால் புதுக் கசிவே அவ்வளவு வெள்ளையாகத் தெரியாது. ஆக, அந்த மாமாவின் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்பதற்குப் பக்கத்தில், வலி வந்து மூன்று நாள் கழித்து எடுத்தது, இதை வைத்து மட்டும் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது என்று இருந்திருக்கவேண்டும். அதை எழுத, வலி எப்போது வந்தது என்று யாராவது கேட்டிருக்கவேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் பிந்தித்தான் வருவார்கள். நோயாளியின் கடிகாரத்தைக் கேட்காமல் எடுத்த படம் எனக்கு இப்போது பாதிப் படம்தான்.

இன்னொரு விஷயம் அம்மாவின் படத்திலேயே எழுதியிருந்தது, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த ஆழத்தில் வரும் கசிவு பெரும்பாலும் வருடக்கணக்காகக் கட்டுக்குள் இல்லாத பிரஷர் செய்யும் வேலை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தலை சுற்றுகிறது, தண்ணிக்குள் மூழ்க முடியவில்லை என்று அம்மா பாதியில் விட்டுவிட்டார். கஞ்சிக்குக் கருவாடு இல்லாத நாள் எங்கள் வீட்டில் கிடையாது. டிஸ்சார்ஜ் அன்று அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, "பாருங்கம்மா, பிரஷர் மாத்திரையை விட்டதுதான் இது" என்று யாராவது காட்டியிருந்தால் அதைவிடப் பெரிய வைத்தியம் ஏது? நான்தான் பிறகு காட்டினேன். அன்றிலிருந்து அம்மா மாத்திரை டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது பதிவேட்டில் 3 என்று எழுதினார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு எவ்வளவு இயலாமை மிச்சம் என்று சொல்லும் ரேங்கின் அளவு அது. 0 என்றால் ஒரு குறையும் இல்லை, 6 என்றால் இறப்பு. 3 என்றால் சில வேலைக்குத் துணை வேண்டும், ஆனால் தானாக நடப்பார். 21 மில்லி கசிவுக்கு இது நல்ல பலன் என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார், எனக்கும் சந்தோஷம். அம்மா கேட்டது: "பாசியப் பிடுங்குற மாதிரி விரல் மடங்குமா?" அந்தக் கேள்விக்கு ரேங்கினில் கட்டம் இல்லை. அமெரிக்காவில் 2010-ல் சட்டம் போட்டு உருவாக்கிய நோயாளிமைய ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. எந்தப் பலனை அளக்கவேண்டும் என்பதை முடிவு செய்யும்போதே நோயாளியையும் உட்காரவைத்துக் கேளுங்கள் என்பது அதன் அடிப்படை. ராமநாதபுரம் கடற்கரையில் அப்படி உட்காரவைத்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். வலை பின்ன விரல் வேண்டும். படகில் ஏற கால் வேண்டும். மாதா கோயிலில் பாட்டுப் பாட நாக்கு புரளவேண்டும். பாலம் தாண்டி எத்தனை தடவை போகவேண்டும், ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் கூலி போகும் என்று சொல்லவேண்டும். ஒரு ஸ்கேன் முறையை இன்னொன்றோடு ஒப்பிட்டு எது மேல் என்று எழுதுகிறவர்கள் இவற்றில் எதையாவது அளந்திருக்கிறார்களா என்று இப்போது தேடித்தேடிப் படிக்கிறேன்.

என் சென்டரில் என்னால் முடிந்தது கொஞ்சம். பக்கவாதக் கேஸ் வந்தால் மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் கூட வந்தவரிடம், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டு அந்த மணியை ரிக்வெஸ்ட் தாளில் பெரிதாக எழுதுகிறேன். கசிவு தெரிந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் போட்டு ரேடியாலஜிஸ்ட் சாருக்கு முன்னால் வைத்துவிடுகிறேன். முதலில் முகம் சுளித்தார், இப்போது அவரே ரிப்போர்ட்டில் மில்லி போடுகிறார். ரெஃபர் ஆகிற ஆளுக்குத் தட்டு இல்லாமல் கவர் வெளியே போவதில்லை. கவருக்கு மேல் தமிழில் ஒரு வரி எழுதுகிறேன்: இடப்பக்கம் ரத்தக்கசிவு, இத்தனை மில்லி, இத்தனை மணிக்கு எடுத்தது. எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எழுதக் கூடாது என்றும் இதுவரை சொல்லவில்லை.

ஒரு வருடம் முடிந்தபோது அம்மாவை கோயம்புத்தூருக்கு அழைத்துவந்திருந்தேன். பழைய படங்களை என் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். வேலை முடிந்த நேரம், நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்காரவைத்துக் காட்டினேன். முதல் நாள் வெள்ளை. மூன்றாவது வாரம் அது மங்கி, மூளையோடு மூளையாக நிறம் கலந்து கிடந்தது. ஆறாவது மாதம் அதே இடத்தில் மெல்லிய கறுப்புக் கீறல், ஒரு சிப்பி வாய் திறந்த மாதிரி.

"இம்புட்டுத்தானா?" என்று திரையைத் தொட்டுப் பார்த்தார்.

கைக்கான இடம் எங்கே என்று கேட்டார். படத்தை மேலே தள்ளி, உச்சிக்குப் பக்கத்தில், கவிழ்த்த குதிரைலாடம் மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், அதைக் காட்டினேன். கறுப்பு எதுவும் இல்லாமல் முழுசாக இருந்தது. இடம் அப்படியே இருக்கும்மா, அங்கிருந்து கீழே போகிற நரம்புப் பாதைதான் கசிவில் அறுந்தது, அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றேன். அம்மா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மடிப்பையே பார்த்தபடி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கப் பார்த்தார். நுனியும் நுனியும் தொட ஒரு நெல் அளவுதான் பாக்கி இருந்தது.

"லைட்ட அணைச்சிறாதய்யா, இரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மடக்கினார்.